உபகாரச் சம்பளம்

சென்ற தீபாவளி மலர் ஒன்றில் நான் எழுதிய சிறுகதைக்கு நாற்பது ஐம்பது கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் வழக்கமான கடிதங்கள்தாம். முடிவை மாற்றியிருக்கலாம் என்பார் ஒருவர். முடிவுதான் பிரமாதம் என்பார் இன்னொருவர். ஒன்று மட்டும் இந்த ரகத்தில் சேரவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்ற ரசாயனப் பேராசிரியர். ஒன்பது பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து. முதல் வரியிலேயே என்னைக் குருநிந்தனை செய்தவன் என்று தீர்த்துவிட்டு, மீதிப் பக்கங்களில் அதற்கு என்ன தண்டனை என்று யோசித்திருந்தார்.

கதை நினைவில் இல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருஷம் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன். ஆராய்ச்சியோடு, பேராசிரியரின் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வருகிறான். அவர் வெளியூர்க் கூட்டத்தில் பேச வேண்டிய படங்களைத் தயாரிக்கிறான். துறைக்கு வரும் விருந்தாளிகளை ரயிலடியில் பூச்செண்டுடன் எதிர்கொள்கிறான். கடைசியில், அவர் போட வேண்டிய ஒரு கையெழுத்துக்காக வராந்தாவில் நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

விஞ்ஞானம் படிக்காத கதாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று பேராசிரியர் கேட்கிறார். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன். அணுவைப் பற்றி எழுதப் புறப்பட்டால் என் கையைப் பிடித்து நிறுத்தலாம். நான் எழுதியதோ வராந்தாவைப் பற்றி. அதிகாரம் உள்ளவர் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்க, அதிகாரம் இல்லாதவர் கதவுக்கு வெளியே நிற்பதைப் பற்றி எழுத யாரும் எனக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. கதை என்று ஒன்று உலகத்தில் ஏற்பட்டதே அதற்காகத்தான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அவருடைய பிரதான வாதம் வேறு. குரு சிஷ்ய சம்பந்தம் இந்த நாட்டின் சொத்து. குருவுக்குப் பணிவிடை செய்வது சிஷ்யனின் பாக்கியம். தாமும் இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவியதுண்டு. குருவின் படுக்கையை ஸ்டேஷன் வரை சுமந்ததுண்டு. அதனால் அவர் தேய்ந்துபோகவில்லையாம்.

தேயவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படுக்கையைச் சுமக்கக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பிரியப்பட்டுச் செய்கிற காரியம் யாருக்கும் பாரமில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அந்த ஒன்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

முதலில் இந்தச் 'சொத்து' விஷயத்தைப் பார்த்துவிடலாம். பி.எச்.டி. பட்டம் நைமிசாரணியத்தில் பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மனியில், 1810-ல் தோன்றிய பெர்லின் சர்வகலாசாலையும் அதன் வழி வந்தவையும் வளர்த்தெடுத்த ஏற்பாடு அது. அமெரிக்காவில் முதன்முதலாக யேல் சர்வகலாசாலை 1861-ல் அதை வழங்கியது. இங்கிலாந்துக்காரர்கள் வெகுகாலம் அதை மதிக்கவில்லை. முதல் உலக யுத்தத்தின் நடுவே, ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களைத் தம் பக்கம் இழுக்கலாம் என்ற எண்ணமும் சேர்ந்துதான் 1917-ல் ஆக்ஸ்போர்டு அதற்கு இசைந்தது. அதற்கும் பிறகு கப்பலேறி நம்மிடம் வந்தது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவரை ஜெர்மானியர் 'டாக்டர் தகப்பனார்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் அழைப்பது வழக்கம். அங்கே தகப்பனாராக இருந்தவருக்கு இங்கே நாம் ருத்திராட்சம் அணிவித்துக் குருவாக்கிவிட்டோம். வேஷம் பொருந்தவும் செய்தது. பொருந்தியதுதான் வினை.

பழைய குருகுலத்தில் சோறு போட்டவர் குரு. மாணவன் விறகு வெட்டினான் என்றால் அந்த விறகில் வெந்த சோற்றைத்தான் அவனும் தின்றான். இன்றைய ஆய்வுக்கூடத்தில் சோறு போடுவது வரி கட்டுகிற நீங்களும் நானும். குருவுக்கும் நாம்தான் சம்பளம் கொடுக்கிறோம். சிஷ்யனுக்கும் நாம்தான் கொடுக்கிறோம். நடுவில் விறகு மட்டும் எப்படி ஒருவர் வீட்டுக்குப் போகிறது?

சரி, பரம்பரைதான் பேச வேண்டுமென்றால் முழுப் பரம்பரையையும் பேசுவோம். நம்மிலே நன்னூல் படித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு இலக்கணம் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்றும் தனியாகச் சொல்லிவைத்தார். அவருக்கு நாலு உவமை சொல்கிறார். கழற்சிக்காய் நிரப்பிய குடம் ஒன்று: கவிழ்த்தால் எந்தக் காய் முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஒரு தலைப்பும் வெள்ளிக்கிழமை வேறு தலைப்பும் கொடுக்கும் வழிகாட்டியை இதைவிட நன்றாக வர்ணிக்க என்னால் முடியாது. மடல் அடர்ந்த பனைமரம் மற்றொன்று: யாரையும் அண்டவிடாது, பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பஞ்சு அடைத்த குடுக்கை மூன்றாவது: உள்ளே இருப்பதைப் பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நாலாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் இந்தப் பக்கம் நிற்கிறான். மரம் வேலிக்கு அந்தப்புறம் சாய்ந்து அடுத்த வீட்டுக்காரனுக்கு இளநீர் தருகிறது.

விஞ்ஞான உலகத்தில் இந்த நாலாவது மரத்தை அறியாதவர் இல்லை. மூன்று வருஷம் ஒருத்தி இரவு பகலாகச் செய்த சோதனை கட்டுரையாக அச்சேறும்போது, முதல் பெயர் வேறொருவருடையதாக இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் என்பது கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் மாதிரி. 'மற்றும் சுற்றமும் நட்பும்' என்ற இடத்தில் அவன் பெயரைப் போட்டால் கல்யாணம் நடந்ததாக ஆகுமா?

எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னே ஒரு சமண முனிவருக்கு, ஆசிரியராக இருக்கக்கூடாதவர் என்று ஒரு ஜாதி உண்டு என்று தெரிந்திருந்தது. நம்முடைய பல்கலைக்கழக மானியக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறதா? 2022 நவம்பரில் அது வெளியிட்ட பி.எச்.டி. விதிகளைத் தேடி வாங்கிப் படித்தேன். வழிகாட்டியாக இருக்க என்ன வேண்டும்? நிரந்தர உத்தியோகம் வேண்டும். டாக்டர் பட்டம் வேண்டும். பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் 5 கட்டுரைகள், உதவிப் பேராசிரியர் 3 கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். கழற்குடமா, பனைமரமா என்று பார்க்க அதில் இடமில்லை. கட்டுரையை எண்ணத் தெரிந்தவர்கள் மரத்தின் கோணலை அளக்க ஒரு நூல் பிடிக்கவில்லை.

மாணவனுடைய கோணலை அளக்க வேண்டிய ஏற்பாடு இருக்கிறது. ஆராய்ச்சி ஆலோசனைக் குழு என்று ஒன்று. ஒவ்வொரு பருவத்திலும் மாணவன் அதன் முன்னே நின்று, தான் செய்ததைச் சொல்ல வேண்டும். முன்னேற்றம் போதாது என்று தோன்றினால் குழு காரணத்தை எழுதித் திருத்தச் சொல்லும். திருந்தாவிட்டால் பதிவையே ரத்து செய்யப் பரிந்துரைக்கும். நல்லது, வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுகிறவர் யார்? அந்த வழிகாட்டியேதான். முன்னேற்றம் இல்லாததற்குக் காரணம் அவரே என்றால் மாணவன் எந்த வாயால் சொல்வான்? மாமியார்மேல் உள்ள புகாரை மாமியார் தலைமையில் விசாரிக்கிற வீட்டில், மருமகள் "ஒன்றும் குறையில்லை, சௌக்கியமாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வாள்.

பழைய தமிழில் மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்துக்கு 'உபகாரச் சம்பளம்' என்று ஒரு பெயர் உண்டு. இப்போது 'உதவித்தொகை' என்கிறார்கள். கேட்க நாகரிகமாக இருக்கிறது. எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் அதில் சூட்சுமம் ஒளியாமல் இருக்கிறது. உபகாரம் என்றால் தருமம். சம்பளம் என்றால் வேலைக்குக் கூலி. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியவர் பெரிய தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவனிடம் வேலை வாங்கும்போது அது சம்பளம்: ஞாயிற்றுக்கிழமையும் வா, இரவு பத்து மணிக்கு நான் வந்து பார்க்கும்போது இரு, லீவு என்று வாயைத் திறக்காதே. பணம் கொடுக்கிற இடத்தில் அது உபகாரம்: வந்தபோது வாங்கிக்கொள், தருமத்துக்குத் தவணை கேட்கிறாயா? நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது அனேகமாக இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்குச் சாட்சியம்.

அந்தப் பணம் சும்மா கிடைப்பதில்லை என்பதை இந்தப் பரீட்சைகளின் வாடை படாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்த பிறகு 'நெட்' என்று ஒரு பரீட்சை. விஞ்ஞானத்தில் இதை வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துவதாக ஏற்பாடு. ரசாயனம், பௌதிகம், உயிரியல், கணிதம், பூமி சம்பந்தமான சாஸ்திரங்கள் என்று ஐந்து பிரிவு. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். (தமிழில் படித்து வந்த பையன் என்ன செய்வான் என்று கேட்கிறீர்களா? ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவான், அல்லது ஊர் திரும்புவான்.) அதில் மேல்வரிசையில் வந்தவருக்குத்தான் இளநிலை ஆராய்ச்சியாளர் என்ற பெயரும் உபகாரச் சம்பளமும். இதற்காக இரண்டு வருஷம், மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் ஏராளம். 2024 ஜூன் 18-ந் தேதி மற்றப் பாடங்களுக்கான நெட் பரீட்சையை 9 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள்; மறுநாளே அது ரத்து. அந்த வாரமே, விஞ்ஞானப் பரீட்சையும் நடக்க நாலு நாள் இருக்கும்போது தள்ளிவைக்கப்பட்டு, ஜூலைக் கடைசியில் நடந்தது. ஊர் விட்டு ஊர் போக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு யார் பணம் திருப்பிக் கொடுத்தார்கள்?

பரீட்சையில் தேறினாலும் கதவு திறந்துவிடாது. நிறுவனம் நிறுவனமாக விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் நேர்முகத் தேர்வு. அதற்கப்புறம் ஒரு வழிகாட்டி 'எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கும் படலம் போலத்தான். ஒரு வித்தியாசம்: இங்கே ஜாதகம் ஒரு பக்கத்து ஜாதகம்தான். மாணவனின் மதிப்பெண்ணை ஐந்து பேர் அலசுவார்கள். அந்த வழிகாட்டியிடம் முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் ஓடினார்கள் என்ற கணக்கை மாணவன் கையில் யார் கொடுக்கிறார்கள்? ஐந்தாறு வருஷ வாழ்க்கையை ஒப்படைக்கிறவனுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் பாத்தியதை இல்லையா? அவன் காரிடாரில் முணுமுணுக்கிற சீனியர்களிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பண விஷயத்துக்கு வருகிறேன். 2019 முதல் முதல் இரண்டு வருஷங்களுக்கு மாதம் 31,000 ரூபாய், பிறகு 35,000 என்று இருந்தது. 2023 ஜனவரி முதல் அமலாகும்படி அது 37,000, 42,000 என்று உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி தனி. "இவ்வளவு பணமா! படிக்கிற பிள்ளைக்கு!" என்று சிலர் வாயைப் பிளக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு. அவன் தம்பி என்ஜினீயரிங் படித்துக் கம்பெனியில் சேர்ந்து வீடு வாங்க முன்பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். அதையும் விடுங்கள். இந்தப் பணம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? இன்னார் வேலை செய்தார் என்று நிறுவனம் மேலே உறுதி செய்ய வேண்டும். மேலே இருக்கிறவர்கள் பணத்தை விட வேண்டும். இடையிலே ஒரு காகிதம் நின்றால் மூன்று மாதம், ஆறு மாதம் கைச்செலவுக்கு வழியில்லை. நடுத்தர வீட்டுப் பிள்ளை அப்பாவுக்குப் போன் செய்வான். அப்பாவிடம் இல்லாதவன்? 2015 அக்டோபரில், நெட் தேறாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கொடுத்துவந்த மாதம் 8,000 ரூபாயையும் நிறுத்தப்போவதாக மானியக் குழு அறிவித்தது. மாணவர்கள் டில்லியில் அதன் ஆபீஸ் வாசலில் இரவு பகலாக உட்கார்ந்த பிறகுதான் சர்க்கார் பின்வாங்கியது.

என் தங்கை மகள் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கஷ்டம் எனக்கு வராது, அவளுக்கு வரும். ஒரு நாள் போனில், "மாமா, இன்னிக்கு ராத்திரி வர முடியாது. காலம் போட்டிருக்கேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகு நேரில் போனபோது காட்டினாள். உயரமான கண்ணாடிக் குழாய். அதில் சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியை நிரப்பி, கலவையை மேலே ஊற்றி, ஹெக்ஸேன் முதலிய திரவங்களை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கலவையில் உள்ள பொருள்கள் வேறு வேறு வேகத்தில் இறங்கி வரும். கீழே சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு குழாய், நூற்றைம்பது குழாய். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, ஊதா விளக்கில் பார்த்து, எதில் எது இருக்கிறதென்று பிரிக்க வேண்டும். இங்கிலீஷில் அந்தத் தூணுக்கு உள்ள பெயர் இவர்கள் வாயில் 'காலம்' ஆகிவிட்டது. இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கதையில் வைத்திருந்தால் செயற்கை என்று விமர்சகர்கள் கண்டித்திருப்பார்கள்.

அந்த வேலையைச் செய்யும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். யாரும் கட்டாயப்படுத்திச் செய்கிற முகம் அல்ல அது. கடைசிக் குழாயில் ஒரு புள்ளி தனியாகத் தெரிந்தபோது, குழந்தை முதல் அடி வைத்ததைக் கண்ட தாய்போல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆகவே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை என்ற பேச்சை என்னிடம் யாரும் கொண்டு வர வேண்டாம். இந்த ஆசையைத்தான் அடகுப் பொருளாக வாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் கோபம்.

அவளுக்கு உபகாரச் சம்பளம் 5 வருஷம்: இளநிலையில் 2, முதுநிலையில் 3. மானியக் குழுவின் விதியோ பட்டம் முடிக்க 6 வருஷம் வரை அவகாசம் தருகிறது. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2. அவகாசம் கொடுத்தது கருணைதான். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை எந்தப் பிரிவிலும் காணோம். ஆய்வுக்கூடத்துக்கு வராமல் இருக்க முடியாது, வந்தால் பணமில்லை. வேறு வேலைக்குப் போனால் பட்டம் போய்விடும். சுற்றத்தார் கேட்கிற ஒரே கேள்வி, "இன்னும் முடியவில்லையா?" என் தங்கையிடம் ஒரு மூதாட்டி, "பெண் அரியர்ஸ் வைத்திருக்கிறாளோ?" என்றே கேட்டாள்.

கடிதம் எழுதிய பேராசிரியர், ஸர் ஸி. வி. ராமனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். அந்த மாதிரிக் குரு கிடைத்தால் படுக்கையைச் சுமக்க மாட்டீரா என்கிறார். ராமனுக்குக் குரு யார் என்று அவரை நான் கேட்க விரும்புகிறேன். 1907-ல் எம்.ஏ. தேறிக் கல்கத்தாவில் கணக்கு இலாகா உத்தியோகத்துக்குப் போன இளைஞர், காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியில் இருந்த ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் கூடத்தில் தாமாகச் சோதனை செய்து மேலே வந்தார். எந்த வராந்தாவிலும் எந்தக் கையெழுத்துக்கும் அவர் நிற்கவில்லை. அதுவும் அவருடைய மேதையின் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரே குருவான பிறகு நடந்ததைப் பாருங்கள். 1933-ல் பம்பாயில் உயர்ந்த மதிப்பெண்ணுடன் தேறிய கமலா பாகவத் என்ற பெண், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். டைரக்டராக இருந்த ராமன், பெண் என்பதற்காக மறுத்துவிட்டார். அந்தப் பெண் நேரே வந்து உட்கார்ந்து விடாப்பிடியாக வாதாடிய பிறகு, ஒரு வருஷம் பரீட்சார்த்தமாக என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். கமலா ஸோஹோனி என்று பின்னர் பிரசித்தமான அவர் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். உலகமே கொண்டாடும் பௌதிக மேதைக்கு, ஒரு மாணவியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தனி ஒருவராகத் தீர்மானிக்கிற அதிகாரத்தைக் கொடுத்தால் அவரும் சறுக்குவார். மேதைக்கே அந்தக் கதி என்றால் 5 கட்டுரை எழுதியவருக்கு என்ன சொல்வது?

இன்னொருவர் அன்னா மணி. திருவிதாங்கூர் பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். 1940-ல் உபகாரச் சம்பளம் பெற்று, அதே ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். வைரத்தின் மங்கிய ஒளி புகைப்படத் தகட்டில் பதியப் பதினைந்து இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவுகளை அங்கேயே கழித்தார். தம் பெயரில் தனியாக 5 கட்டுரைகள் வெளியிட்டார். 5 என்ற எண்ணைக் கவனியுங்கள்: இன்று அந்தத் தொகை கட்டுரைகளுக்கு மானியக் குழு பேராசிரியரை வழிகாட்டியாக அங்கீகரிக்கிறது. 1945-ல் அன்னா மணி தம் ஆய்வேட்டைச் சென்னை சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் உள்ளே வைத்து வேலை வாங்கும்போது யாருக்கும் அந்த எம்.எஸ்ஸி. நினைவுக்கு வரவில்லை. அவர் கடைசிவரை டாக்டர் அன்னா மணி ஆகவே இல்லை. இந்திய வானிலை இலாகாவில் துணை டைரக்டர் ஜெனரலாக உயர்ந்து ஓய்வு பெற்றார். பைண்டு செய்த அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் இருக்கிறது. நஷ்டம் வந்தபோது அந்த நஷ்டம் முழுதும் ஒருத்தி கணக்கில் எழுதப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு நஷ்டமில்லை, சர்வகலாசாலைக்கு நஷ்டமில்லை. 1945-க்குப் பிறகு விதிகள் எத்தனையோ மாறின. இந்தக் கணக்கு எழுதும் முறை மாறவில்லை.

நல்ல வழிகாட்டிகள் இல்லையா? ஏன் இல்லை! மாணவன் கட்டுரையை இரவோடிரவாகத் திருத்திக் காலையில் கையில் கொடுப்பவர்களை எனக்கும் தெரியும். உபகாரச் சம்பளம் வராத மாதத்தில் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்களையும் தெரியும். அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால், நல்ல எஜமானர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகத் தொழிற்சாலைச் சட்டம் வேண்டாம் என்று யாராவது சொன்னதுண்டா? மேலும், வழிகாட்டிகளுக்கும் மேலே ஒரு சாட்டை சுழல்கிறது: எத்தனை கட்டுரை, எத்தனை கட்டுரை என்று. 2016 விதி, பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் வர வேண்டும் என்றது. உடனே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிப் பத்திரிகைகள் காளான் போல முளைத்தன. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. மேலிடம் எடுத்ததைக் கீழிடம் எடுக்கவில்லை. இரண்டு கட்டுரை வராமல் ஆய்வேட்டைத் தொட மாட்டேன் என்று சொல்லும் வழிகாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

பிடிக்காவிட்டால் வழிகாட்டியை மாற்றிக்கொள்ளட்டுமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பழைய வழிகாட்டி சம்மதம் கொடுக்க வேண்டும். புதியவர் துணிந்து ஏற்க வேண்டும். இருவரும் ஒரே காரிடாரில் இருபது வருஷம் காபி சாப்பிட்டவர்கள். எப்படியோ பட்டம் வாங்கிவிட்டாலும் பந்தம் விட்டுப் போகாது. அடுத்த வேலைக்கு, அதற்கடுத்த வேலைக்கு, எங்கே போனாலும் வழிகாட்டியிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். கல்யாணத்தில் கூட விவாகரத்து உண்டு.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல நான் தயாரில்லை. அங்கேயும் அழுகிறார்கள். ஆனால் நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சர்வகலாசாலையின் ஊழியர்; ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, லீவு உண்டு. கலிபோர்னியாவில் 2022 நவம்பரில் ஆராய்ச்சி மாணவர்களும் மற்றவர்களுமாக 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு பெற்றார்கள். யாரும் அவர்களைக் குருத்துரோகிகள் என்று சொன்னதாகத் தெரியவில்லை. வேலை செய்தார்கள், கூலி கேட்டார்கள்.

நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, வாய்மொழித் தேர்வு முடிவு வரை எல்லாவற்றையும் 6 மாதத்தில் முடிக்க வேண்டுமென்று 2022 விதி சர்வகலாசாலைக்குக் கெடு வைத்திருக்கிறது. அதற்கு முன்னால், எழுதிய அத்தியாயம் வழிகாட்டியின் மேஜையில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு ஏன் ஒரு கெடு இல்லை? முப்பது நாள் வையுங்கள். முப்பத்தோராவது நாள் அது அங்கீகரிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படட்டும். ஆலோசனைக் குழுவை வழிகாட்டி அல்லாத ஒருவர் கூட்டட்டும். அவர் இல்லாமல் மாணவன் பத்து நிமிஷம் பேச இடம் கொடுக்கட்டும். ஐந்தாம் வருஷம் முடிந்தும் ஏடு சமர்ப்பிக்கப்படவில்லை என்றால், தாமதம் யாரால் என்று எழுதி வாங்கிவிட்டு, அதுவரை சம்பளத்தைத் தொடரட்டும். ஒவ்வொரு வழிகாட்டியிடமும் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, எத்தனை வருஷத்தில் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இதற்கெல்லாம் கஜானாவிலிருந்து பெரிய பணம் போகாது. ஒரு சொல் மட்டும் போகும். குரு என்ற அந்தச் சொல்லை, யாருக்குத் தானாக வந்து சேருமோ அவர்களிடம் விட்டுவிடலாம். அதிகாரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

என் தங்கை மகளின் உபகாரச் சம்பளம் ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயம். ஐந்தையும் எழுதி முடித்துவிட்டாள். முதல் மூன்றையும் பொங்கல் கழித்த வாரம் அச்செடுத்துக் கொடுத்தாள். வழிகாட்டி இதற்குள் இரண்டு வெளியூர்க் கூட்டங்களுக்குப் போய்வந்தார்; இரண்டுக்கும் படங்கள் தயாரித்துக் கொடுத்தவள் அவள்தான். நேற்று ஆடிப் பெருக்கு. காலையில் போன் செய்தேன். "சார் ரூம் திறந்துதான் மாமா இருந்தது. பார்த்தேன். மேஜையில்தான் இருக்கு. மேலே ஒரு பொக்கே வெச்சிருக்காங்க" என்றாள்.